பெரிய நாடு பஞ்சாயத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? 12(3) தெரிந்தவர்களுக்கு ஒரு விளக்கம்

கூடலூர் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கேயோ நடக்கும் சண்டைக்கு அமெரிக்கா, சீனா, ரஷ்யா என்று யாராவது சமரசம் பேசப் போகிறார்கள். அந்த அறைக்குள் உண்மையில் என்ன செய்வார்கள்? 1987இல் இந்தியா இலங்கையில் செய்த மத்தியஸ்தம் ஏன் கெட்டது? எங்கள் தாத்தாவைக் கண்டிச் சீமையிலிருந்து இங்கே கொண்டுவந்த சாஸ்திரி ஒப்பந்தமும் மத்தியஸ்தம்தானா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்க வேலை பார்த்தவர்களுக்கு '12(3) ஒப்பந்தம்' என்ற சொல் தெரியும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, சமரச அலுவலர் முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் போட்டுவந்த ஒப்பந்தம் அது (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது). கையெழுத்துப் போடாத சங்கத்தின் ஆட்களையும், நாளை வேலைக்குச் சேரப்போகிற ஆளையும்கூட அது கட்டுப்படுத்தியது. அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தனியாகப் போட்டுக்கொண்டால் அது 18(1). கையெழுத்துப் போட்டவரை மட்டுமே கட்டியது.

நாடுகளுக்கிடையே 12(3) கிடையாது. எவ்வளவு பெரிய வல்லரசு நடுவில் உட்கார்ந்தாலும், கையெழுத்துப் போடாதவனைக் கட்டும் சட்டம் எதுவும் இல்லை. எல்லாமே 18(1)தான். ஆனால் வல்லரசுகள் பல நேரம் அதை 12(3) என்று நினைத்துக்கொண்டு நடக்கின்றன. பெரிய மத்தியஸ்தங்கள் முறிந்த இடங்களைத் தேடினால் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். இரு தரப்புக்கும் இடம் கொடுத்து, செய்தி கொண்டுபோய்க் கொடுப்பதோடு நின்றால் அது நல்லெண்ண உதவி. தானே ஒரு வரைவு எழுதி "இதற்கு என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்டால் மத்தியஸ்தம். முடிவை அவரே சொல்லி அதற்கு இருவரும் கட்டுப்பட்டால் நடுவர் தீர்ப்பு. ஒப்பந்தம் நடக்கும் என்று தன் பெயரில் பொறுப்பேற்றால் உத்தரவாதம். ஒரே நாடு ஒரே விவகாரத்தில் இந்தப் படிகளில் ஏறிக்கொண்டே போகலாம். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறந்தால் ஆபத்து.

அறைக்குள் நடப்பதைப் பார்க்க நல்ல உதாரணம் 1978 செப்டம்பர் கேம்ப் டேவிட். அமெரிக்க அதிபர் கார்ட்டர், எகிப்தின் சாதாத், இஸ்ரேலின் பெகின் மூவரும் 5ஆம் தேதியிலிருந்து 17ஆம் தேதிவரை, 13 நாள், மலை மேல் ஒரு முகாமில் இருந்தார்கள். முதல் சில நாள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பார்த்ததில் பழைய கணக்குகளை வாசித்துச் சத்தம் போட்டதுதான் மிச்சம். அதன்பின் கடைசிவரை இருவரையும் பேச்சுக்கு ஒன்றாக உட்காரவைக்கவில்லை. அமெரிக்கர்கள் ஒரே ஒரு வரைவை வைத்துக்கொண்டு ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு நடந்தார்கள். ஒவ்வொரு தரப்பும் தன் வரைவைக் கொண்டுவந்தால் பேச்சு இரண்டு தாள்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். தாள் ஒன்றே என்றால், "இந்த வரியில் எது பிடிக்கவில்லை" என்று மட்டும் கேட்கலாம். 23 வரைவுகள் ஓடின. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ராஜதந்திரம். உள்ளே நடப்பது பெரும்பாலும் குமாஸ்தா வேலைதான்: அடித்து எழுதுவது, ஒரு சொல்லை மாற்றுவது, மறுபடி தட்டச்சு செய்வது.

ஆனால் வரைவு மட்டும் போதாது. எதை விட்டுக்கொடுத்தால் என்ன இழப்பு, அதை யார் ஈடுகட்டுவது என்ற கணக்கும் சேர்ந்தே ஓட வேண்டும். தான் பிடித்துவைத்திருந்த எகிப்தின் சினாய்ப் பகுதியை விட்டால் இஸ்ரேலுக்கு அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகள் போகும். அதற்காக, எண்ணெய் கிடைக்காமல் போனால் தாங்கள் கொடுப்பதாக அமெரிக்கா 15 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்தது. இரு நாடுகளுக்கும் ஆண்டுதோறும் பெரிய அளவில் உதவி ஓடியது. படை விலகலும் ஒரே நாளில் இல்லை: 1979 மார்ச் 26இல் உடன்படிக்கை, கட்டம் கட்டமாக மூன்று ஆண்டு, 1982 ஏப்ரலில் கடைசிப் பகுதியும் கைமாறியது. ஐ.நா. கண்காணிப்புப் படைக்குப் பாதுகாப்பு அவையில் வழி அடைபட்டதும், ஐ.நா.வுக்கு வெளியே தனியாக ஒரு பன்னாட்டுப் படையையே உருவாக்கினார்கள். அது இன்னும் சினாயில் இருக்கிறது.

அதே கேம்ப் டேவிட்டில் இரண்டாவது தாள் ஒன்றும் இருந்தது: மேற்குக் கரை, காசாவுக்கான தன்னாட்சிச் சட்டகம். அதைப் பேசும்போது பாலஸ்தீனர் தரப்பில் அறைக்குள் யாரும் இல்லை. எகிப்து அவர்களுக்காகப் பேசியது. அவர்கள் எகிப்தை அனுப்பவில்லை. ஒரே முகாம், ஒரே மத்தியஸ்தர், ஒரே மேசை. சம்பந்தப்பட்டவன் கையெழுத்திட்ட தாள் நாற்பது ஆண்டுக்கு மேல் நிற்கிறது, சம்பந்தப்பட்டவன் இல்லாமல் எழுதிய தாள் தாளாகவே போயிற்று.

1995 நவம்பரில் போஸ்னியாப் போரை நிறுத்திய டேட்டன் பேச்சும் இதே பாணிதான், இன்னும் முரட்டுத்தனமாக. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் 21 நாள். நாட்டை 51-49 என்று பிரிக்கும் கோடு எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் என்பதைக் கணினியில் நிலப்பரப்பைப் பறந்து பார்ப்பதுபோல் காட்டிப் பேசினார்கள். ஒப்பந்தத்தின் முதன்மைப் பகுதி சில பக்கம்தான். உயிர் இருப்பது 11 பின்னிணைப்புகளில். படை எத்தனை நாளில் எங்கே பின்வாங்க வேண்டும், தேர்தலை யார் நடத்துவது, அகதியின் வீடு யாருக்கு என்று எல்லாம் அங்கே. பின்னாலேயே ஏறத்தாழ 60,000 பேர் கொண்ட நேட்டோ தலைமையிலான படை இறங்கியது. போஸ்னிய சர்புகளுக்காகக் கையெழுத்திட்டது செர்பியாவின் மிலோசெவிச். அங்கேயும் ஆள் மாற்றிக் கையெழுத்துத்தான். ஆனால் அந்த ஆளிடம் அவர்களை அடக்கும் பிடி இருந்தது. எனவே யாராவது "அவர்களுக்காக நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றால், மத்தியஸ்தர் கேட்க வேண்டிய கேள்வி: நாளைக் காலை அவர்கள் மறுத்தால் உன்னால் என்ன செய்ய முடியும்?

இப்போது 1987. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். முடிவை மட்டும் பார்த்துத் திட்டுவது எளிது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இந்திரா காந்தி முதலில் வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவைக் கொழும்புக்கு அனுப்பினார், பிறகு ஜி. பார்த்தசாரதியைத் தனித் தூதராக. அவர் கொழும்போடு பேசி உருவாக்கிய திட்டம்தான் 'பின்னிணைப்பு சி' (Annexure C) என்று பேர்பெற்றது: மாவட்டங்களைச் சேர்த்து மாகாண அளவில் அதிகாரம். 1984 முழுக்க நடந்த அனைத்துக் கட்சி மாநாட்டில் அது கரைந்துபோனது. ராஜீவ் வந்ததும் தூதர் மாறினார்; பார்த்தசாரதி தமிழர் பக்கம் சாய்கிறார் என்று கொழும்பு நினைத்தது, ரொமேஷ் பண்டாரி கொழும்பின் பக்கம் சாய்கிறார் என்று தமிழர் நினைத்தார்கள். தூதரை மாற்றுவதே ஒரு செய்தி என்பதை இரு தரப்பும் புரிந்துகொண்டன.

1985 ஜூலை, ஆகஸ்டில் பூடானின் திம்புவில் பேச்சு. புலிகள், டெலோ, ஈரோஸ், ஈபிஆர்எல்எஃப், புளொட், தமிழர் விடுதலைக் கூட்டணி என்று ஆறு தரப்பும் ஒரே மேசையில், எதிரே இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனேவின் தம்பி எச். டபிள்யூ. ஜெயவர்தனே தலைமையில் அரசுக் குழு. ஆறு அமைப்புகளும் சேர்ந்து நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன: தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை, தீவிலுள்ள எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. நான்காவதை நீலகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். அது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைப் பற்றியது. அரசுத் தரப்பு ஒப்பவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரையும் ஓரளவு மேசைக்குக் கொண்டுவந்த முயற்சி அது ஒன்றுதான். போர் நிறுத்தத்தைக் கண்காணிக்கப் பலமான ஏற்பாடு இல்லாததால் களத்தில் நடந்த கொலைகள் மேசைக்கே வந்து, இரண்டாம் சுற்று வெளிநடப்பில் முடிந்தது.

இதற்கிடையே மறக்கக் கூடாத ஒன்று: மத்தியஸ்தம் பேசிய அதே இந்தியா, போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டிருந்தது. இதனால் மத்தியஸ்தம் செல்லாது என்று சொல்ல மாட்டேன். வல்லரசு மத்தியஸ்தர்கள் எவரும் கையைக் கழுவிவிட்டு வந்தவர்கள் இல்லை. அமெரிக்காவும் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டே பேசியதுதான். ஒரு பக்கத்தின்மேல் பிடி இருப்பவன் அந்தப் பக்கத்தை அசைக்க முடியும் என்பதால்தான் அவனிடம் வருகிறார்கள். தில்லியின் பிழை, பிடி எவ்வளவு என்று தப்பாக எடைபோட்டது. பயிற்சி கொடுத்தால் சொன்னபடி கேட்பார்கள் என்று நம்பினார்கள்.

1987இல் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் இலங்கைப் படை முன்னேறியது. ஜூன் தொடக்கத்தில் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. 4ஆம் தேதி, ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள், யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் பொருள். அரிசி, பருப்பின் எடையைவிடச் செய்தியின் எடை அதிகம்: தேவைப்பட்டால் நாங்கள் வருவோம். ஜெயவர்தனே வழிக்கு வந்தார். ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவும் அவரும் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தைத் தோட்டத்து ஒப்பந்தம் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தால் நான்கு ஓட்டைகள் தெரியும்.

கையெழுத்திட்டது இரண்டு அரசுகள். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியது அதில் கையெழுத்திடாத அமைப்புகள். பிரபாகரனைத் தில்லி ஓட்டலில் வைத்துப் பேசிப் பார்த்தார்கள். மனமொப்பிய சம்மதம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி சுதுமலைக் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டவர்களுக்கு அது விளங்கியிருக்கும்.

அடுத்தது கால அட்டவணை. கையெழுத்தான 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம். அதிலிருந்து 72 மணி நேரத்தில் எல்லா ஆயுதமும் ஒப்படைப்பு. கிழக்கு மாகாணம் வடக்கோடு நிரந்தரமாகச் சேருமா என்ற வாக்கெடுப்புக்கு 1988 டிசம்பர் 31 வரை அவகாசம், அதையும் ஜனாதிபதி தன் விருப்பப்படி தள்ளிப்போடலாம். அதாவது ஒரு தரப்பு கொடுக்க வேண்டியதற்கு மணிக்கணக்கு, அதற்குக் கிடைக்க வேண்டியதற்கு ஆண்டுக்கணக்கு, அதுவும் தள்ளிப்போடும் உரிமையோடு. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. சம்பள உயர்வு அடுத்த வருடம், உற்பத்தி உயர்வு நாளையே என்று நிர்வாகம் எழுதிக்கொண்டு வந்தால் எந்தச் சங்கமும் கையெழுத்துப் போடாது; போட்டாலும் பாதிக் கத்தியை ஒளித்துத்தான் வைக்கும். ஆயுத ஒப்படைப்பில் அதுதான் நடந்தது.

மூன்றாவது, மத்தியஸ்தர் தன் கூலியையும் அதே உறைக்குள் வாங்கிக்கொண்டார். ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், அந்நிய உளவு ஆட்கள், வெளிநாட்டு வானொலி ஒலிபரப்பு எல்லாம் இந்தியாவுக்குச் சாதகமாக எழுதப்பட்டன. வல்லரசு தன் நலத்தைப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் நடுவில் நிற்பவரின் பங்கு அச்சில் வந்துவிட்டால், "இது நமக்காகவா, அவர்களுக்காகவா" என்று இரு பக்கமும் கேட்கும். சிங்கள மக்களிடையே ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சி இதை வைத்தே நெருப்பு மூட்டியது. மறுநாளே அணிவகுப்பில் ஒரு கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்.

நான்காவதுதான் பெரியது. ஒப்பந்தம் நிறைவேறுவதற்கு இந்தியா பொறுப்பேற்று உத்தரவாதம் தரும், இலங்கை கேட்டால் படை உதவியும் தரும் என்று எழுதிக்கொடுத்தது. மத்தியஸ்தர் படியிலிருந்து நேராக உத்தரவாதப் படிக்கு, அங்கிருந்து துப்பாக்கி ஏந்தும் படிக்கு. அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை பிடித்த 17 புலிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்ற இழுபறியில் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் பலாலியில் சயனைடு தின்று இறந்தார்கள். அப்போது இந்தியப் படை அதே இடத்தில் இருந்தது. உத்தரவாதம் கொடுத்தவருக்குக் கைதியைத் தன் பொறுப்பில் வைக்கும் அதிகாரம் இல்லை. அக்டோபர் 10இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் புறப்படும்வரை இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் அங்கே போயின. அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில். நீலகிரிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தக் கதை வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் கொழும்பில் ஜனாதிபதி மாறி, படையைத் திரும்பிப் போகச் சொன்ன புதிய ஜனாதிபதி பிரேமதாசா புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். மத்தியஸ்தருக்கு எதிராக இரு தரப்பும் ஒன்றுசேர்வது அரிதாக நடக்கும் விஷயம். இங்கே நடந்தது.

ஒன்று மிஞ்சியது என்பதையும் சொல்ல வேண்டும்: இலங்கை அரசமைப்புக்கு 1987 நவம்பரில் வந்த 13ஆம் திருத்தம், மாகாண சபைகள். ஓட்டைப் பாத்திரம் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனாலும் இன்றுவரை பேச்சு அதைச் சுற்றியே நடக்கிறது.

பதினைந்து ஆண்டு கழித்து அதே தீவுக்கு, படையோ கடலோரமோ கேட்காத நார்வே வந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். புலிகளும் அரசும் நேரடியாகக் கையெழுத்திட்டார்கள். 1987இன் முதல் ஓட்டை அடைபட்டது. வேறொரு இடத்தில் கிழிந்தது. 2003 ஏப்ரலில் உதவி நாடுகளின் ஆயத்தக் கூட்டத்தை வாஷிங்டனில் வைத்தார்கள். புலிகள் அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட அமைப்பு. எனவே வர முடியாது. அந்த மாதமே அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டாலர் உதவி அறிவித்த மாநாட்டுக்கும் போகவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டதும், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் இருந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்களைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள்; நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. கண்காணிப்பாளர் அத்துமீறலை எண்ணி எழுதலாம், தடுக்க முடியாது. மத்தியஸ்தருக்குப் பலம் அதிகமானால் 1987, பலம் இல்லாவிட்டால் 2006. நடுவில் ஒரு அளவு இருக்கிறதா என்றால், சினாயில் இருந்தது. அங்கே இரண்டு தரப்புமே நிலையான அரசுகள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சீனாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் ஐந்து நாள் பேசி சவூதியும் ஈரானும் உறவைப் புதுப்பித்தார்கள். தூதரகங்களை இரண்டு மாதத்துக்குள் திறப்பது என்று முடிவு. நேர்த்தியான வேலைதான். ஆனால் அதற்கு முன் ஈராக்கும் ஓமனும் பல சுற்று பேச்சு நடத்திக் காய் பழுத்திருந்தது, சீனா பறித்தது. கோடு போட வேண்டிய வரைபடமோ, ஒப்படைக்க வேண்டிய ஆயுதமோ அதில் இல்லை. அதை வைத்து, சீனா எந்தப் போரையும் நிறுத்திவிடும் என்று முடிவுகட்டுவது, நர்சரி நட்டவனிடம் அறுவடை விலை கேட்பது மாதிரி.

இனி உங்கள் தாத்தா. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தில்லியில் போட்டது மத்தியஸ்த ஒப்பந்தம் இல்லை. நடுவில் மூன்றாவது நாடு எதுவும் கிடையாது. இரண்டு அரசுகள் நேருக்கு நேர். (அதே சாஸ்திரி பதினான்கு மாதம் கழித்துத் தாஷ்கண்டில், சோவியத் பிரதமர் கோசிகின் நடுவில் இருக்க, பாகிஸ்தானோடு கையெழுத்திட்டார். அது மத்தியஸ்தம். 1966 பிப்ரவரி 25க்குள் படைகள் பழைய இடத்துக்கு என்று தேதி போட்ட, சொன்னபடி நடந்த தாள்.) 1964இல் மலையகத் தமிழரில் நாடற்றவர்கள் என்று கணக்கிட்டது 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம்; அதை 1974இல் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். நடைமுறை, இந்தியாவுக்கு 7 பேர் என்றால் இலங்கைக் குடியுரிமை 4 பேருக்கு என்ற விகிதத்தில், 15 ஆண்டுக்குள்.

அந்த ஒப்பந்தம் நுணுக்கத்தில் மோசம் என்று சொல்ல முடியாது. வேலையில் இருப்பவர் புறப்படும் நாள்வரை, அல்லது 55 வயதுவரை, வேலையில் தொடரலாம். சேமநிதி, பணிக்கொடை உட்பட்ட சொத்தைக் கொண்டுபோகலாம். குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. இதெல்லாம் எழுதியிருந்தது. எழுதாமல் விட்டது: எந்த 5,25,000 பேர் என்பதை அவர்களிடம் கேட்பது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானின் சங்கமும் அந்தப் பேச்சில் இல்லை. விண்ணப்பம் வாங்கியபோது இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் அதன் ஒதுக்கீட்டைவிட மிக அதிகம். இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கீட்டை எட்டவில்லை. இருந்தும் விகிதம் மாறவில்லை. 15 ஆண்டு 15 ஆண்டில் முடியவில்லை. 1984இல் போரினால் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பலேறாத பலர் தோட்டங்களிலேயே இருந்தார்கள். இலங்கையில் மிஞ்சியவர்களின் நாடற்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 2003இல் வந்தது.

இந்தப் பக்கம் வந்து இறங்கியவருக்கு வீடு எங்கே, வேலை எங்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமுக்குப் பிறகு நடந்தது எல்லாம் தனித் திட்டங்கள். கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகளுக்காக நீலகிரியில் அரசே தேயிலை நட்டு, கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் லயன் கட்டிய டேன்டீயும் அதில் ஒன்று. நீங்கள் கேள்வி எழுதிய வீடு 1964 தாளில் இல்லை, அதற்குப் பின்னால் வேறு யாரோ போட்ட கோப்பில் இருக்கிறது. தாத்தா தாயகம் திரும்பியபோது கிடைத்த குடும்ப அட்டை வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். அந்த இரண்டு கோப்பையும் இணைக்கும் காகிதம் அதுதான்.